படம் ஒரு பெட்டியில், பேச்சு ஒரு தட்டில்

கோடம்பாக்கத்தில் சவுண்ட் எடிட்டிங் அறையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு ஃப்ரேம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். உதட்டசைவுக்கும் குரலுக்கும் நடுவே ஒரு ஃப்ரேம் தள்ளினால் யாருக்கும் தெரியாது. இரண்டு தள்ளினால் ஏதோ உறுத்தும். நான்கு தள்ளினால், டீ கொண்டுவரும் பையனே நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, டப்பிங் படமா?" என்று கேட்பான். நான் மூவியோலா என்ற எடிட்டிங் மெஷின் காலத்து ஆள். மேக்னடிக் ஃபிலிமைப் பல்லில் மாட்டி, முன்னும் பின்னும் உருட்டி, கிளாப் கட்டை மூடும் ஃப்ரேமையும் அது எழுப்பும் ஓசையையும் நேருக்கு நேர் நிறுத்தி, மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவது என் வேலையாக இருந்தது.

இதையே 1930 வாக்கில் அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் செய்து பார்த்திருக்கின்றன. எடிட்டிங் அறை இல்லை, மூவியோலா இல்லை. ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரு கிராமபோன் தட்டு, இரண்டையும் இணைக்கும் ஒரு தண்டு. படம் ஃபிலிமில் ஓடும், பேச்சும் பாட்டும் தட்டில் சுற்றும். சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்திலும், விளங்காமல் போன ஒரு முயற்சி என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய நிலைமையில் வீட்டு சினிமாவுக்குக் குரல் கொடுக்க அதைவிட நியாயமான வழி இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

வீட்டு சினிமா எப்போது வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1922 டிசம்பரில் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஃபிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் பாத்தே பேபி. வழக்கமாக ஓரத்தில் இருக்கும் துளை இதில் நடுவில், ஒவ்வொரு படத்துக்கும் இடையில் இருக்கும். அடுத்த ஆண்டு, 1923-ல், அமெரிக்காவில் கோடாக் 16 மில்லிமீட்டர் ஃபிலிமை வெளியிட்டது. தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் நடுவே அதை ஓட்ட முடியாது. கோடாக்கின் 16 மி.மீ. எளிதில் தீப்பற்றாத அசிடேட் ஃபிலிம். 35-ஐ இரண்டாக வகிர்ந்தால் பதினேழரை வரும். யாரும் நைட்ரேட்டை வகிர்ந்து வீட்டு மெஷினில் மாட்டிவிடக் கூடாது என்பதும் 16 என்ற அளவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். கேமரா, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்ந்த கோடாக்கின் முதல் செட் 335 டாலர். அதைவிடக் குறைந்த காசுக்கு அந்த ஆண்டு ஒரு ஃபோர்டு மாடல் டி கார் வாங்கலாம்.

இந்த விலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கும் பணத்தைப் போட்டு வாங்கிய புரொஜெக்டரை யாரும் மூன்று, நான்கு வருடத்தில் பழைய இரும்புக்குப் போட மாட்டார்கள். விலை இவ்வளவு இருந்தும் ஆள் சேர்ந்தது. 1926-ல் அமெச்சூர் சினிமா லீக் என்ற சங்கமே வந்துவிட்டது. அதற்கென்று ஒரு மாதப் பத்திரிகை நடந்தது. கோடாக் 16 மி.மீ. படங்களை வாடகைக்குத் தரும் நூலகம் வைத்திருந்தது. சனிக்கிழமை இரவு கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த ஒரு நகைச்சுவைப் படமும், கூடவே சொந்தப் பிள்ளைகள் கடற்கரையில் ஓடும் ரீலும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாமே பேசாத படங்கள்.

அப்போதுதான் தியேட்டரில் குரல் வந்தது. வார்னர் சகோதரர்களும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கும் கொண்டுவந்த வைட்டாபோன் முறையில் 1926 ஆகஸ்ட் 6-ம் தேதி நியூ யார்க்கில் 'டான் ஜுவான்' திரையிடப்பட்டது. 1927 அக்டோபர் 6-ல் 'தி ஜாஸ் சிங்கர்'. உலகமே கொண்டாடும் அந்தப் படத்தின் குரல் ஃபிலிமில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் தட்டுதான். 16 அங்குல விட்டம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுக்குச் சற்று மேல், அதாவது மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. சாதாரண கிராமபோன் தட்டில் முள் வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே போகும். இதில் உள்ளே தொடங்கி வெளியே வரும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆகவே 1000 அடி ரீல் தீர 11 நிமிடம் ஆகும். அந்த 11 நிமிடமும் ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வேகத்தை வைத்தார்கள். 1948-ல் வந்த எல்.பி. ரிக்கார்டின் வேகமும் இதேதான். நம் வீடுகளில் சுற்றிய எல்.பி. தட்டுகளின் சுழற்சிக்குப் பின்னால் ஒரு சினிமா ரீலின் நீளம் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

படத்தையும் ஒலிப்பதிவையும் சேர்த்து ஓட்டும் யோசனையும் புதிதல்ல. 1913-ல் எடிசன் கினெட்டோபோன் என்று ஒன்றைத் திரையிட்டார். திரைக்குப் பக்கத்தில் போனோகிராஃப், அரங்கின் பின்னால் புரொஜெக்டர், நடுவில் அரங்கின் நீளத்துக்கு ஓடும் ஒரு கயிறு. கயிறு தளர்ந்தால் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பிரான்சில் கோமோன் நிறுவனம் அதற்கும் முன்பே இந்த வித்தையைக் காட்டியிருந்தது. அதன் க்ரோனோ மெகாபோன் என்ற கருவி நம் ஊருக்கே வந்திருக்கிறது. மெட்ராஸில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஆர். வெங்கையா 1909, 1910 வாக்கில் அதை வாங்கி, தட்டில் ஒலியும் திரையில் படமுமாக ஊராருக்குக் காட்டினார். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வருவதற்கு இருபது வருடம் முன்பு!

அமெரிக்க வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். தியேட்டரில் பேசும் படம் பார்த்துவிட்டு வந்த குடும்பத்துக்கு, வீட்டில் ஊமைப் படம் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் என்னென்ன இருக்கிறது? விலை கொடுத்து வாங்கிய 16 மி.மீ. புரொஜெக்டர் இருக்கிறது. பல வீடுகளில் ஒரு ரேடியோ பெட்டி இருக்கிறது, அதில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. இல்லாதது தட்டைச் சுற்றும் மேசையும், அது புரொஜெக்டரோடு சேர்ந்தே சுற்றுவதற்கான இணைப்பும் மட்டும்தான். அதை மட்டும் தனியாக விற்றால் போதும். ஹோம் டாக்கி என்ற பெயரில் வந்த கருவி அதைத்தான் செய்தது. சுழல் மேசையைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைத்து, அதன் அச்சோடு இணைத்து, முள்ளைத் தாங்கும் பிக்கப்பின் ஒயரை ரேடியோவில் சொருகிவிடலாம்.

முழுசாகப் புதிய மெஷின் செய்தவர்களும் உண்டு. சிகாகோவில் டிவ்ரை நிறுவனம் சினிடோன் என்ற மாடலை விட்டது. பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருள்களுக்குப் பேர்போன க்யூ.ஆர்.எஸ். நிறுவனம் டிவ்ரையோடு சேர்ந்துகொண்டது. ரேடியோவும் கிராமபோனும் தானியங்கிப் பியானோவின் வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. பெல் அண்ட் ஹோவல், ஃபில்மோபோன் என்று ஒன்றை விற்றது. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் விக்டர் கம்பெனி அனிமட்டோபோன் என்று பெயர் வைத்தது. ரேடியோ, கிராமபோன், புரொஜெக்டர் மூன்றையும் ஒரே மர அலமாரிக்குள் அடக்கிய விஷனோலா என்ற பணக்காரச் சரக்கும் இருந்தது. படங்கள் இரண்டு விதமாக வந்தன. பெரியது 400 அடி ரீலும் 16 அங்குலத் தட்டும், தியேட்டர் போலவே 11 நிமிடம். சிறியது 100 அடி ரீலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் சாதாரண அளவு கிராமபோன் தட்டும். 24 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் 100 அடிக்கு இரண்டே முக்கால் நிமிடம், சுமாராக ஒரு பாட்டின் நீளம்.

இந்தச் சிறிய வகையில் ஒன்றைத்தான் நான் நேரில் பார்த்தேன். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் வழியாக, பழைய புரொஜெக்டர் சேகரிக்கும் ஒரு பெரியவரின் அறிமுகம் கிடைத்தது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஃபிலிமில் வேலை பார்த்தவன் என்று மகள் சொன்னதும், ஒன்றும் பேசாமல் வீட்டின் அடித்தளத்துக்கு அழைத்துப்போனார். மெஷின் தயாராக மேசையில் இருந்தது.

முதலில் தட்டு. அரக்கில் செய்தது, கனமாக, ஓரம் சற்று சிதைந்து. முள் வைக்க வேண்டிய இடத்தைக் காட்ட அதில் ஒரு அம்புக்குறி கீறியிருந்தது. ஃபிலிமின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஃப்ரேமில் 'ஸ்டார்ட்' என்று எழுதியிருக்கும். அந்த ஃப்ரேம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேட்டில் சரியாக உட்கார வேண்டும், முள் சரியாக அம்புக்குறியின் நுனியில் இறங்க வேண்டும். பிறகுதான் ஸ்விட்ச். தியேட்டர் வைட்டாபோனிலும் இதே முறைதான். பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முள்ளை இறக்கினார். ஒரு எஃகு முள் ஒரு பக்கத்துக்குத்தான், அடுத்த தட்டுக்குப் புது முள் மாற்ற வேண்டும். என் கை பழக்கதோஷத்தில் ஃபிலிமைத் தொடப் போனது. அவர் சிரித்துக்கொண்டே, நீங்களே மாட்டுங்கள் என்பது போல விலகி நின்றார். நான் மாட்டினேன்.

திரையில் ஒரு பெண் பியானோவில் கை ஊன்றி நின்றுகொண்டு பாடினாள். ஊசியின் உரசல் ஓசை எப்போதும் கூடவே இருந்தது. அதையும் மீறி அவள் குரல் தெளிவாக வந்தது. பாட்டின் முதல் அடி முழுக்க உதடும் குரலும் அப்படியே ஒட்டின. என்னால் நம்ப முடியவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு வருடப் பழைய தண்டும் பல்சக்கரமும், ஒரு ஃப்ரேம்கூடப் பிசகவில்லை. இரண்டாவது அடியில் திரையில் ஒரு துள்ளல். பழைய ஜாயின்ட், அறுந்து ஒட்டிய இடம். அதற்குப் பிறகு அவள் வாய் முன்னால் போய்விட்டது, குரல் பின்னால் வந்துகொண்டே இருந்தது. கடைசி வரை சேரவே இல்லை. அவள் வாயை மூடிய பிறகும் பாட்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

தட்டு முறையின் உயிர் நிலை இங்கேதான் இருக்கிறது. ஃபிலிம் அறுந்தால் என்ன செய்வோம்? அறுந்த இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி, சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டுவோம். அதில் குறைந்தது ஒன்றிரண்டு ஃப்ரேம் போகும். கிழிசல் நீளமாக இருந்தால் பத்து, பதினைந்து போகும். படத்தில் அது ஒரு கண்சிமிட்டல். ஆனால் தட்டில் எதுவும் குறையவில்லையே! ஃபிலிம் ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் குரல் அவ்வளவு தூரம் பின்தங்கும். பத்து ஜாயின்ட்டில் இரண்டிரண்டு ஃப்ரேம் என்று வைத்தால்கூட 20 ஃப்ரேம், ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு. தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். எத்தனை ஃப்ரேம் போனதோ அத்தனை கறுப்பு ஃப்ரேமை அதே இடத்தில் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். திரை ஒரு கணம் இருட்டாகும், ஆனால் வாயும் குரலும் மறுபடி சேர்ந்துகொள்ளும். வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஃபிலிம் ஒட்டும்போது கறுப்பு ஃப்ரேம் எண்ணிச் சேர்க்கப் போகிறார்களா? அறுந்ததை ஒட்டினால் போதும் என்றுதான் இருந்திருப்பார்கள்.

தட்டின் பக்கம் வேறு ஆபத்து. முள் ஒரு கீறலில் தாவி அடுத்த வரிக்குப் போனால், அது ஒரு முழுச் சுற்றைத் தாண்டுகிறது. 33 சுற்றுத் தட்டில் ஒரு சுற்று 1.8 நொடி. அதாவது 43 ஃப்ரேம், 16 மி.மீ.யில் ஒரு அடிக்கு மேல். 78 சுற்றுத் தட்டில் 18 ஃப்ரேம், முக்கால் நொடி. முன்னால் சொன்னேனே, நான்கு ஃப்ரேமுக்கே டீக்கடைப் பையன் கேள்வி கேட்பான் என்று. இது 18. ஒருமுறை தாவினால் பிறகு அந்தக் காட்சி முழுக்கத் தாறுமாறுதான், முதலிலிருந்து போட்டால்தான் உண்டு. 1952-ல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில், பேசும் படத்தின் முன்னோட்டக் காட்சியில் குரல் ஆள் மாறிப் போய் அரங்கமே சிரிக்கும் ஒரு காட்சி உண்டு. பலர் அதை மிகை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் மிகை தெரியவில்லை.

மூன்றாவது சிக்கல் வேகம். ஊமைப் படம் ஓட்டும் வீட்டு புரொஜெக்டர் நொடிக்கு 16 ஃப்ரேம் ஓடும். 14-ஆ 18-ஆ என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை, திருகைத் திருப்பிக் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரை ஓட்டினார்கள். கண் பெருந்தன்மையானது. காது அப்படியில்லை. வேகம் நூற்றுக்கு ஆறு குறைந்தால் திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் பாட்டு அரை ஸ்வரம் இறங்கிவிடும். சங்கீதம் தெரியாதவருக்கும் அது காதில் படும். வேகம் மேலும் கீழும் அலைந்தால் பியானோ ஓசை தண்ணீருக்குள் வாசிப்பது போல நெளியும். புரொஜெக்டர் ஃபிலிமை விட்டு விட்டு இழுக்கும் இயந்திரம், நொடிக்கு 24 வெட்டு. தட்டுக்கு வேண்டியது ஒரே சீரான சுழற்சி. இந்த இரண்டு குணத்தையும் ஒரே மோட்டாரில் கட்டி, வெட்டு தட்டுக்குப் போய்ச் சேராமல் கனமான சக்கரம் வைத்துத் தடுத்தவர்களை நான் மதிக்கிறேன். இணைப்புத் தண்டே வேண்டாம், இரண்டையும் ஒரே நேரத்தில் கையால் தொடங்கினால் போதும் என்று சிக்கனம் பார்த்தவர்கள் தோற்றார்கள். இரண்டு மோட்டாருக்கும் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் இருந்தாலே போதும், இரண்டே முக்கால் நிமிடப் பாட்டின் முடிவில் 40 ஃப்ரேம் விலகிவிடும்.

இத்தனை சிக்கல் இருந்தும் ஏன் தட்டு? குரலை ஃபிலிமிலேயே ஒளித்தடமாகப் பதிக்கும் வித்தை தியேட்டரில் அப்போதே இருந்ததே என்று கேட்கலாம். அங்கேதான் அகலமும் வேகமும் குறுக்கே வருகின்றன. 35 மி.மீ. ஃபிலிம் ஒலித்தடத்தைப் படிக்கும் விளக்கின் முன்னால் நொடிக்கு 18 அங்குலம் ஓடுகிறது. 16 மி.மீ. ஃபிலிம் அதே 24 ஃப்ரேமில் 7.2 அங்குலம்தான் ஓடும். ஒரு நொடி ஓசையை அவ்வளவு குறுகலான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். உச்ச ஸ்தாயி ஓசைகள், 'ஸ' போன்ற சீறல் எழுத்துகள், ஜால்ராவின் கணகணப்பு எல்லாம் கலங்கிப் போகும். அன்றைய ஃபிலிமின் நுண்மைக்கு அது பெரிய சோதனை. தட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஃபிலிம் எவ்வளவு சின்னதானாலும் தட்டு அதே தட்டு.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1932-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 16 மி.மீ.யிலேயே ஒளித்தடம் பதித்த படங்களையும் அதற்கான புரொஜெக்டரையும் கொண்டுவந்தது. தடத்துக்கு இடம் எங்கே? 16 மி.மீ. ஃபிலிமில் இரண்டு ஓரத்திலும் துளை வரிசை இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒலியை எழுதினார்கள். அருமையான தீர்வுதான். ஆனால் பழைய புரொஜெக்டர்களின் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல் உண்டு. புதுப் படத்தை அதில் மாட்டினால் ஒரு பக்கத்துப் பல் ஒலித்தடத்தின் மேலேயே துளை போட்டுக்கொண்டு போகும். ஆக, புதுப் படம் வாங்கியவர் புது மெஷினும் வாங்கியே ஆக வேண்டும். தட்டு முறையில் அந்தக் கட்டாயம் இல்லை. படம் இரண்டு பக்கமும் துளையுள்ள சாதாரண ஃபிலிம்தான். தட்டு உடைந்தால்கூட ஊமைப் படமாக ஓட்டலாம். 335 டாலர் போட்ட குடும்பத்தைக் கைவிடாமல் கூட அழைத்துச் சென்ற முறை அது.

காலம்தான் சரியில்லை. 1929 அக்டோபரில் நியூ யார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஹோம் டாக்கிகள் கடைக்கு வந்ததும் ஜனங்களின் கையில் காசு வற்றியதும் ஒரே சமயம். தியேட்டர்களிலும் 1930, 31-க்குள் தட்டு ஓரங்கட்டப்பட்டது. ஃபிலிமிலேயே ஒலி இருந்தால் அறுந்தாலும் ஒட்டினாலும் இரண்டும் சேர்ந்தே போகும், சேர்ந்தே வரும். 16 மி.மீ. பிரிண்ட்டில் ஒரு படத்துக்குரிய ஒலி 26 ஃப்ரேம் முன்னால் அச்சாகியிருக்கும், ஏனென்றால் படம் நின்று நின்று போகும் கேட்டில் ஒலியைப் படிக்க முடியாது, சீராக ஓடும் இடத்தில்தான் படிக்க வேண்டும். அந்த இடைவெளி நிரந்தரமானது. படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் இருக்கும் இந்தப் பிரிண்ட்டைத்தான் நாங்கள் மேரீட் பிரிண்ட் என்று சொல்வோம். அதற்கப்புறம் ஆபரேட்டர் பூதக்கண்ணாடி தேட வேண்டியதில்லை.

பொம்மைக் கடையில் மட்டும் தட்டு இன்னும் பல வருடம் வாழ்ந்தது. 1930களில் டாக்கி ஜெக்டர் என்று ஒன்று வந்தது. எண்ணெய்த்தாள் போன்ற ஒளி ஊடுருவும் காகிதச் சுருளில் இரண்டு இரண்டு படமாக வரைந்திருக்கும், மாற்றி மாற்றிக் காட்டினால் கை ஆடும், கால் ஆடும், பக்கத்தில் சின்னத் தட்டு பாடும். இரண்டே படத்தில் ஆடும் பொம்மைக்கு உதடு ஒட்டவேண்டிய கட்டாயமே இல்லை. 1964-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் விட்ட ஷோ அண்ட் டெல் பொம்மையில் 15 படம் கொண்ட பட்டையும் ஒரு தட்டும். தட்டு சுற்றச் சுற்றப் படம் தானாக மாறும். எனக்கு மிகவும் பிடித்தது 1956-ல் வந்த ரெட் ரேவன். இதில் ஃபிலிமே இல்லை. தட்டின் நடுவில் லேபிள் இருக்கும் இடத்தில் வட்டமாகப் படங்கள் அச்சடித்திருக்கும். அச்சின் மேல் 16 முகக் கண்ணாடிக் கோபுரத்தை வைத்துத் தட்டைச் சுற்றவிட்டால், கண்ணாடியில் ரயில் ஓடும், கரடி குதிக்கும். பாட்டும் படமும் ஒரே தட்டில் இருப்பதால் விலகவே வழியில்லை. 78 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 21 படம் வரும். 1877-ல் பிரான்சின் எமில் ரேனோ செய்த கண்ணாடிச் சக்கர வித்தைதான் இதற்கு மூலம்.

குடும்பங்கள் சொந்தமாக எடுக்கும் 8 மி.மீ. படத்துக்குக் குரல் கிடைக்க 1960 ஆனது. ஃபிலிம் ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டி, படமெடுக்கும்போதே ஒலி பதியும் ஃபேர்சைல்ட் கேமரா அந்த ஆண்டு வந்தது. சூப்பர் 8-ல் கோடாக் அதை 1973-ல் செய்தது.

நியூ ஜெர்சிப் பெரியவரின் ரீலுக்கு வருகிறேன். அசலில் கை வைக்க அவருக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. அவர் ஏற்கெனவே ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார், தட்டையும் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தார். மகளின் லேப்டாப்பில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டோம். "எங்கேப்பா பார்க்கணும்?" என்றாள். உதடு ஒட்டும் எழுத்தைத் தேடு என்றேன். ப, ம, இரண்டும் எந்த மொழியிலும் வாயை மூடித் திறந்தால்தான் வரும். டப்பிங்கில் வசனம் பொருத்தும்போது நாங்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். ஜாயின்ட்டுக்குப் பிறகு அவள் வாய் மூடும் முதல் ஃப்ரேம் ஒரு இடத்தில், தட்டில் அந்த 'ம' வேறு இடத்தில். நடுவே 11 ஃப்ரேம். ஜாயின்ட் இருந்த இடத்தில் 11 கறுப்பு ஃப்ரேம் சேர்க்கச் சொன்னேன். மகள் சேர்த்தாள். ஓட்டினாள். திரை சட்டென்று இருண்டு விழித்தது, அதன்பின் பாட்டு முடியும் வரை உதடும் குரலும் விலகவில்லை. பெரியவர் மறுபடி போடச் சொன்னார். பிறகு கீழே இருந்து மூன்று பெட்டி ரீல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1991-ல் சில இசைத்தட்டு சேகரிப்பவர்களும் சினிமா ஆர்வலர்களும் சேர்ந்து வைட்டாபோன் புராஜெக்ட் என்று தொடங்கினார்கள். தியேட்டர் படங்கள் ஆவணக் காப்பகங்களில் ஊமையாகக் கிடந்தன, அவற்றின் தட்டுகள் ஜாஸ் பாட்டுக்காக யாரோ சேர்த்து வைத்திருந்த அலமாரிகளில் கிடந்தன. எந்தத் தட்டு யாரிடம் என்று பட்டியல் போட்டு, காப்பகங்களோடு பேசி, நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்களை மறுபடி பேசவைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மூத்த ஒன்றும் இதே வழியில் மீண்டது. எடிசனிடம் வேலை பார்த்த டிக்சன், 1894 கடைசியிலோ 1895 தொடக்கத்திலோ, நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் பெரிய ஒலிப்பதிவுப் புனலின் முன்னால் நின்று வயலின் வாசித்தார், பக்கத்தில் இரண்டு பேர் ஆடினார்கள். படம் ஒரு இடத்தில் இருந்தது, ஓசை பதிந்த மெழுகு உருளை உடைந்துபோய் வேறு இடத்தில் இருந்தது. 1990களின் கடைசியில் உருளையை ஒட்டிச் சரிசெய்து ஓசையை எடுத்தார்கள். 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு ஒலி அமைத்த வால்டர் மர்ச் அதையும் படத்தையும் கம்ப்யூட்டரில் பொருத்தினார். எங்கள் தொழிலில் அவர் பெரிய ஆசான். அந்தப் பதினேழு நொடிக்கு அவர் உட்கார்ந்தார் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வீட்டு ரீல்களுக்கு அந்த அளவு கவனம் இன்னும் கிடைக்கவில்லை. குடும்பம் வீடு மாறும்போது ஃபிலிம் பெட்டி ஒரு கைக்கும், தட்டு கிராமபோன் தட்டுகளோடு சேர்ந்து இன்னொரு கைக்கும் போய்விடுகிறது. பெரியவர் பழைய 16 மி.மீ. ரீல் எது கிடைத்தாலும் முதல் ஒரு அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். 'ஸ்டார்ட்' என்று ஒரு ஃப்ரேம் இருக்கிறதா? இரண்டு ஓரத்திலும் துளை இருந்து, ஒலித்தடம் இல்லாமல், ஆனால் நடுவே வசன அட்டைகளே வராமல் ஆட்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்களா? 16 ஃப்ரேமில் ஓட்டினால் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் நடப்பது போல மெதுவாகத் தெரிகிறதா? மூன்றும் சரியாக இருந்தால், பெட்டியின் மேல் ஊமைப் படம் என்று யார் எழுதியிருந்தாலும் அது ஊமைப் படம் அல்ல. டைட்டிலில் ஏதாவது எண் இருந்தால் குறித்துக்கொள்வார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் சந்தைக்குப் போய், 78 சுற்றுத் தட்டுகள் அடுக்கிய பெட்டிகளின் முன்னால் குந்தி, பாடகர் பெயரைப் பார்க்காமல் அம்புக்குறி கீறிய தட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்புவார்.